87-ல் ஒரு பங்கு தண்ணீர் ரயில்... ஜோலார்பேட்டையில் ஒரு நாள்!

``நீங்க போட்ட போட்டோவுல ஒரு நம்பர் மறைஞ்சிருக்கும்மா. ஒரிஜினல் இருக்கா?''

எங்கள் டிஜிட்டல் டெஸ்க்குக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ராசிபலன் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்பவை. இது வேறு மாதிரி இருந்தது. 2019-ல் சென்னைக்கு வந்த தண்ணீர் ரயிலைப் பற்றி நான் எழுதிய சின்னக் கட்டுரையைப் படித்துவிட்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர் பேசினார். ரயில்வேயில் வேகன்களைப் பரிசோதிக்கும் வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர். ரயில்வே வட்டாரத்தில் `டி.எக்ஸ்.ஆர்' என்றால்தான் புரியும்.

``அப்புறம் இன்னொண்ணு. `டேங்கர்கள் நிரம்பி வழிய வந்தன'ன்னு எழுதியிருக்கீங்க. அது நிரம்பவே நிரம்பாது. நிரப்பினா வண்டி கெளம்பாது.''

தப்பு என்னுடையதுதான். திருத்துகிறேன் என்றேன். ``திருத்தறது இருக்கட்டும், போட்டோவை அனுப்புங்க. அந்த வேகனைத்தான் நான் செஞ்சுக்கிட்டு இருக்கேன்'' என்றார்.

செய்துகொண்டிருக்கிறாரா? வேகனையா? அடுத்த சனிக்கிழமை காலை ரயிலில் ஏறிவிட்டேன்.

வாணியம்பாடி தாண்டியதும் இடது பக்க ஜன்னலில் ஏலகிரி மலை கூடவே வர ஆரம்பிக்கும். ஆம்பூரில் பிரியாணி நினைப்பை அடக்கிக்கொண்டு வந்தவர்களுக்கு அது ஓர் ஆறுதல். ஜோலார்பேட்டையில் இறங்குபவர்கள் பெரும்பாலும் அந்த மலைக்குப் போகிறவர்கள்தான். மற்றவர்களுக்கு இந்த ஊர் ஒரு டீயும் ஒரு சமோசாவும் மட்டும். சென்னையிலிருந்து வரும் பாதை இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று குப்பம் வழியாக பெங்களூருக்கு, இன்னொன்று சேலம், கோவைப் பக்கம். அதனால் இரவு பகல் பாராமல் வண்டிகள். நடுவில் சரக்கு ரயில்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். நாம் அவற்றைப் பார்ப்பதே இல்லை. `எப்போ இது நகரும், எப்போ நம்ம வண்டி கிளம்பும்' என்று முணுமுணுப்பதோடு சரி.

அவர் வீடு ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம். பெயர், புகைப்படம் இரண்டும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவருக்கு 65 வயது. முன்னறையில் தையல் மெஷின் மேஜை, அதன் மேல் வட்டமான பூதக்கண்ணாடி விளக்கு, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் கம்பிகள், நூல்கண்டு, ஸ்டேப்ளர் பின்கள். நடுவில் ஒரு துண்டு தண்டவாளத்தில் அது நின்றுகொண்டிருந்தது. ஒரு ஜானுக்கும் குறைவான நீளம். பெயின்ட் அடித்து முடித்திருந்தது. பக்கவாட்டில் எண் எழுதும் இடம் மட்டும் காலியாக இருந்தது.

``பி.டி.பி.என். பெட்ரோல் கொண்டுபோற வேகன். தண்ணிக்குன்னு ரயில்வேயில தனியா வேகன் கெடையாது. 2016-ல மகாராஷ்டிராவுல லாத்தூருக்கு மீரஜ்லேர்ந்து தண்ணி கொண்டுபோனாங்களே, அதுவும் இதே வகைதான். உள்ளே நீராவி விட்டுக் கழுவி அனுப்புவாங்க. நமக்கு வந்ததும் ராஜஸ்தான் பக்கத்திலேர்ந்துதான்.''

நிஜ வேகனின் நீளம் 12.42 மீட்டர். இவர் செய்வது 87-ல் ஒரு பங்கு. உலகம் முழுக்க மாடல் ரயில் செய்பவர்கள் அதிகம் பின்பற்றும் அளவு இது. `ஹெச்.ஓ.' என்பார்கள். கணக்குப் போட்டால் 14 சென்டிமீட்டரும் கொஞ்சமும் வரும். தொட்டியின் விட்டம் நிஜத்தில் சுமார் 2.85 மீட்டர், மாடலில் 33 மில்லிமீட்டர். அந்தத் தொட்டியை எதில் செய்திருக்கிறார் தெரியுமா? ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 32 மி.மீ. பி.வி.சி. பைப். அதன் மேல் அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஷீட்டைச் சுற்றி ஒட்டியிருக்கிறார். அளவு கனகச்சிதம்.

``தண்ணி வேகனை தண்ணி பைப்புலயே செஞ்சிருக்கீங்க சார்'' என்றேன். அவர் சிரிக்கவில்லை. ``வேற எதுவும் அந்த சைஸ்ல கெடைக்கல'' என்றார்.

வேகன் என்றால் தொட்டியும் சக்கரமும்தான் என்று நினைத்துக்கொண்டு போனவள் நான். அவர் பூதக்கண்ணாடியை என் பக்கம் திருப்பினார். மேலே ஆள் இறங்கும் மூடி. அதற்குப் போக ஏணி. ஏணியின் படிகள் ஸ்டேப்ளர் பின்கள். சுற்றி நடைமேடை, அதற்குக் கைப்பிடிக் கம்பி. நிஜக் கம்பி 25 மி.மீ. கனம் என்றால் இங்கே 0.3 மி.மீ. இருக்க வேண்டும். பழைய டெலிபோன் வயரை உரித்துப் பொருத்தமான செம்புக் கம்பியைத் தேடியிருக்கிறார். அடியில் பிரேக் சிலிண்டர், காற்றுக்குழாய், கைப்பிரேக் சக்கரம். இவற்றில் பாதி, வேகனைக் கவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

``கவிழ்த்து யார் சார் பார்ப்பாங்க?''

``நான் 36 வருஷம் அடியிலதாம்மா பார்த்தேன். மேலே பார்த்ததே இல்ல.''

எனக்கு அதற்கு மேல் கேள்வி வரவில்லை.

தொட்டியில் ஆணித்தலைகள் எதுவும் இல்லையே என்று கேட்டேன். இணையத்தில் நான் பார்த்த அமெரிக்க மாடல்களில் வரிசை வரிசையாக ரிவெட் இருந்தது. இது வெல்டிங் செய்த தொட்டி, இதில் ரிவெட் வைத்தால் அழகாக இருக்கும், ஆனால் பொய் என்றார். அதற்குப் பதில் வெல்டிங் தழும்பு. பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்திச் சுடரில் காட்டி, இளகியதும் இரு பக்கமும் இழுத்தால் தலைமுடி போல ஓர் இழை கிடைக்கும். அதைத் தொட்டியைச் சுற்றி ஒட்டி, பசை காயும் முன் நகத்தால் லேசாக அழுத்தியிருக்கிறார். கையால் தடவினால் தெரியாது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரிகிறது.

சக்கரத்திலும் ஒரு கதை இருக்கிறது. புதுச் சக்கரத்தின் விட்டம் 1,000 மி.மீ. ஓடி ஓடித் தேய்ந்து, கடைந்து சீராக்கி, 906 மி.மீ. வந்தால் கழித்துவிட வேண்டும். மாடலில் இந்த வித்தியாசம் ஒரே ஒரு மில்லிமீட்டர். அவர் ஒரு போகிக்குக் கொஞ்சம் தேய்ந்த சக்கரங்களைப் போட்டிருக்கிறார்.

இவரைப் பிடிவாதக்காரர் என்று எனக்குத் தோன்ற வைத்தது தண்டவாளம்தான். நம் நாட்டு அகலப்பாதை 1,676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வரும். ஆனால் கடைகளில் கிடைக்கும் ஹெச்.ஓ. தண்டவாளம் 16.5 மி.மீ.தான். அது வெளிநாட்டு 1,435 மி.மீ. பாதைக்கான அளவு. நம் ஊர் வேகனை அதில் நிறுத்தினால் காலை ஒடுக்கி நிற்பது போல இருக்கும். வேகனையே சுருக்கி 100-ல் ஒரு பங்காகச் செய்தால் 16.76 வரும், கிட்டத்தட்டப் பொருந்திவிடும். ஆனால் மற்ற ஹெச்.ஓ. மாடல்கள் பக்கத்தில் வைத்தால் குட்டியாகத் தெரியும். நம் ஊரில் மாடல் செய்பவர்கள் பலர், `பரவாயில்லை' என்று 16.5-லேயே ஓட்டுகிறார்கள். ஓட வேண்டுமே! இவர் அச்சை நீட்டி, தண்டவாளத்தையும் 19.3-க்குத் தானே போட்டுக்கொண்டார். விளைவு, இந்த வேகன் வேறு யாருடைய பாதையிலும் ஓடாது. இவரிடமும் ஓட்ட எஞ்சின் இல்லை. மொத்தம் இரண்டடி தண்டவாளம்.

`இவ்வளவு செய்து என்ன பயன்' என்று உள்ளுக்குள் நினைத்தேன். முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, ``அதையேதான் நானும் கேக்கறேன்'' என்றார்.

என் கட்டுரையின் தவறுக்கு வருவோம். இந்தத் தொட்டியின் கொள்ளளவு சுமார் 70,000 லிட்டர். காலி வேகனின் எடை 27 டன். ஏற்றிய பிறகு மொத்த எடை 81.28 டன்னைத் தாண்டக் கூடாது. நான்கு அச்சுகளுக்கும் தண்டவாளத்துக்கும் அதுதான் எல்லை. ஆக, 54 டன் வரைதான் ஏற்றலாம். பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோதான் என்பதால் தொட்டியை நிரப்பலாம். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. அதனால் ஒரு வேகனுக்கு 50,000 லிட்டர், 50 வேகனுக்கு 25 லட்சம் லிட்டர். கால் பங்குக்கு மேல் காலி. `நிரம்பி வழிய' என்று எழுதியவள் தலை குனிந்து காபி குடித்தேன்.

அந்த ரயிலை நான் பார்த்திருக்கிறேன். 2019 ஜூலை 12. எனக்கு 19 வயது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டுபோன கோடை. எங்கள் தெருவில் லாரி வரும் நேரம் யாருக்கும் தெரியாது. பாட்டி விடிகாலை நான்கு மணிக்கே பச்சை, நீலம், ஆரஞ்சு பிளாஸ்டிக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு அவற்றுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். முற்பகலில் வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் ரயில் வருகிறது என்றதும் தெருவே போனது. அங்கிருந்து குழாயில் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்துக்குப் போகும் தண்ணீர் அது. எங்கள் குடத்துக்கு நேராக வராது என்று தெரியும். ஆனாலும் கை தட்டினோம். நான் போனில் எடுத்த ஒரே உருப்படியான படம் அதுதான். எட்டாவது இலக்கத்தை மறைத்துக்கொண்டு ஓர் ஆள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரிஜினலிலும் அவர் தலை அங்கேதான் இருக்கிறது. நகர்த்த முடியவில்லை.

``நீங்க கை தட்டினீங்க. இங்கே நாங்க பார்த்துக்கிட்டு நின்னோம்'' என்றார் அவர் மனைவி. ``எங்க தெருக் குழாய்ல அப்போ வாரத்துல ரெண்டு நாள்தான் தண்ணி. வீட்டுக்காரர் ஆபீஸுக்குப் போய் அந்த ரயிலை `ஃபிட்'னு கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டு வர்றார். நான் குடத்தைத் தூக்கிக்கிட்டு எதுத்தாப்புல வரேன்.''

உள்ளூர்த் தேவைக்குப் போக மிஞ்சும் காவிரி நீரைத்தான் அனுப்புகிறோம் என்று அரசு சொன்னது. இந்தப் பக்கம் எதிர்ப்புக் குரல்களும் இருந்தன. அதையெல்லாம் அன்று நான் செய்தியாகக்கூடப் படித்ததில்லை. எனக்கு அந்த ரயில் `வந்த' ரயில். இந்த வீட்டில் அது `போன' ரயில். நான் எழுதிய கட்டுரையில் ஜோலார்பேட்டை என்ற பெயர் ஒரே ஒரு முறைதான் வருகிறது, அதுவும் தூரம் சொல்வதற்காக.

``அதனாலதான் நம்பர் கேட்டேன்'' என்றார் அவர். மனைவி உள்ளே போன பிறகு, மெதுவாக. ``அம்பது வேகனும் பார்த்தேன். ஒவ்வொண்ணுக்கும் குனிஞ்சேன். வருத்தமும் இருந்துச்சு, வேலையும் இருந்துச்சு. ஒரு நம்பர்கூட எழுதி வெச்சுக்கல. பொதுவா ஒரு வேகன் செய்யணும்னா எப்பவோ முடிச்சிருப்பேன். எனக்கு அந்த வேகன் வேணும்.''

இந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் உதவினேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டும். முந்தின இரவு வேகன் எண்களைப் பற்றிப் படித்துவிட்டுப் போயிருந்தேன். நம் வேகன்களில் எழுதியிருப்பது 11 இலக்க எண். முதல் இரண்டு, வேகன் வகை. அடுத்த இரண்டு, எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது. அடுத்த இரண்டு, தயாரித்த ஆண்டு. பிறகு நான்கு, அந்த வேகனுக்கான வரிசை எண். கடைசி இலக்கம் சும்மா இல்லை, மற்ற பத்தும் சரியா என்று சோதிக்கும் இலக்கம். இரண்டாவது, நான்காவது என இரட்டை இடங்களில் உள்ள இலக்கங்களைக் கூட்டி மூன்றால் பெருக்கி, ஒற்றை இடங்களில் உள்ளவற்றைச் சேர்க்க வேண்டும். வரும் தொகையை அடுத்த பத்தின் மடங்காக்க எவ்வளவு தேவையோ, அதுதான் பதினோராவது இலக்கம்.

அப்படியானால் நடுவில் ஒன்று காணாமல் போனாலும் கண்டுபிடிக்கலாமே!

``அது கம்ப்யூட்டர்காரங்க சமாச்சாரம்மா. நாங்க எழுதியிருக்கறதைப் பார்த்து எழுதுவோம்'' என்று அவர் நம்பவில்லை. ``சரி, ஸ்டேஷனுக்கு வா. நிக்கற வண்டியில பார்த்துடலாம்.''

ஆளுக்கொரு பிளாட்ஃபார்ம் டிக்கெட். மதிய வெயிலில் பிளாட்ஃபார்ம் கடைசி வரை நடந்தோம். பக்கத்துப் பாதையில் நிலக்கரி ஏற்றும் வேகன்கள் வரிசையாக நின்றன. அவருக்கு நடை மாறிவிட்டது. ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு நொடி, கண் நேராகச் சக்கரத்துக்கும் ஸ்பிரிங்குக்கும் போகிறது. தாண்டிப் போகும்போது ஏதோ ஒன்றைப் பார்த்து நாக்கைச் சப்புக் கொட்டினார். என்னவென்று சொல்லவில்லை.

ஒரு வேகனின் எண்ணைத் தன் கைக்குறிப்பேட்டில் எழுதி, எட்டாவது இலக்கத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு நீட்டினார். நான் போனில் தட்டினேன். ``ஒன்பது.''

``இல்ல'' என்றார், மறைக்கவே முடியாத திருப்தியுடன்.

வேர்த்துவிட்டது. சரிபார்த்தேன். ஒற்றை இடங்களை மூன்றால் பெருக்கியிருந்தேன். டிப்ளமோவில் கணக்கு இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். மறுபடி போட்டேன். ``மூணு.''

விரலை எடுத்தார். 3.

அடுத்த வேகன். வேறொரு இலக்கத்தை மறைத்தார். சரி. அதற்கடுத்தது. அதுவும் சரி. ஐந்து வேகன்கள் தாண்டிய பிறகு குறிப்பேட்டை மூடிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, ``உன் போட்டோவுக்குப் போடு'' என்றார். `நீங்க' எப்போது `நீ' ஆனது என்று தெரியவில்லை.

பிளாட்ஃபார்ம் பெஞ்சில் உட்கார்ந்து போட்டோம். இரட்டை இடங்களில், மறைந்ததை விட்டுவிட்டால், கூட்டுத்தொகை 11. மூன்றால் பெருக்கினால் 33. ஒற்றை இடங்கள் 18. மொத்தம் 51. கடைசி இலக்கம் 4. அதாவது மறைந்த இலக்கத்தையும் மூன்றால் பெருக்கிச் சேர்த்தால், வரும் தொகை 6-ல் முடிய வேண்டும். 0 முதல் 9 வரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். ஒன்றே ஒன்றுதான் பொருந்தியது. ஐந்து. 51-உம் 15-உம் 66. கடைசி இலக்கம் 4 சேர்ந்தால் 70.

அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு கையை நீட்டி யார்டின் அந்தக் கோடியைக் காட்டினார். ``பார்சம்பேட்டை பக்கம் நிப்பாட்டித்தான் நிரப்பினாங்க. அந்த மரம் தெரியுதா, அங்கேர்ந்து ஆரம்பிச்சா கடைசி வேகன் கண்ணுக்கே தெரியாது. அறுநூறு மீட்டருக்கு மேல.'' அவருடைய அளவில் அது ஏழு மீட்டர். அவர் வீட்டுக் கூடம் அவ்வளவு நீளமில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் நிறத்தில் தகராறு வந்தது. என் நினைவில் அந்த வேகன் பழுப்பு. என் போட்டோவில் கிட்டத்தட்டக் கறுப்பு. அவர் அடித்திருப்பது இரண்டும் இல்லாமல், வெயிலில் வெளுத்த ஒரு நிறம். உண்மையான பெயின்ட்டையே எடுத்து மாடலுக்கு அடித்தால் இருட்டாகத் தெரியும், வீட்டு விளக்கில் சின்னப் பொருள் அப்படித்தான், கொஞ்சம் வெள்ளை கலக்க வேண்டும் என்றார். அழுக்கும் அப்படித்தானாம். தண்டவாளத்து மண்ணை எடுத்துப் பூசினால் ஒவ்வொரு துகளும் கூழாங்கல் மாதிரி இருக்கும். அதனால் கலர் சாக்பீஸை உப்புத்தாளில் தேய்த்து, அந்தப் பொடியைப் பழைய மேக்கப் பிரஷ்ஷால் தட்டுகிறார். பிரஷ் யாருடையது என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பெட்ரோல் வேகன் என்றால் மூடியிலிருந்து பக்கவாட்டில் எண்ணெய்க் கறை வழிந்திருக்கும். இதில் அதைப் போடவில்லை. கழுவி வந்த வேகன். அதற்குப் பதில் மூடிக்குக் கீழே தூசி படிந்த இடத்தில் மெல்லிய கோடாக, தூசி இல்லாமல் ஒரு தடம். தண்ணீர் வழிந்த தடம்.

``நிரம்பாதுன்னு சொன்னீங்களே சார், அப்புறம் எப்படி வழியும்?''

``ஓஸை உருவும்போது சிந்தும்ல?''

எண்கள் ஒட்டும் நேரம். வீட்டு பிரின்டரால் வெள்ளை நிறத்தை அச்சிட முடியாது என்பதால், வெளியில் அச்சிட்டு வாங்கிய தாளிலிருந்து ஒவ்வொரு இலக்கமாக வெட்டி, தண்ணீரில் ஊறவைத்து, நழுவ விட்டு ஒட்ட வேண்டும். ஓர் இலக்கம் கடுகைவிடக் கொஞ்சம் பெரியது. முதல் ஏழையும் அவரே ஒட்டினார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்கிறார். கை நடுக்கம் இடுக்கியின் முனையில் பெரிதாகத் தெரிகிறது. மணிக்கட்டை ஒரு புத்தகத்தின் மேல் வைத்து அழுத்திக்கொள்கிறார். இன்னும் ஒரு வருஷம் செய்ய முடியுமா என்று தெரியவில்லை என்றார், சாதாரணமாக, மழை வருமா என்று பேசுவது போல.

மாடல் ரயில் உலகத்தைப் பெரிதாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் புனே கோத்ரூடில் உள்ள ஜோஷி மினியேச்சர் ரயில் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். 1998-லிருந்து பொதுமக்கள் பார்வைக்கு இருக்கிறது. மலை, ஊர், பாலம் என்று ஒரு முழு நகரமே ஓடும். நிஜ ரயில்களைத் தொட்டுப் பார்க்க, சென்னையில் பெரம்பூர் ஐ.சி.எஃப். பக்கத்திலேயே ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. குழந்தைகளுக்கு இரண்டும் பிடிக்கும். ஆனால் ஒரே ஒரு வேகனுக்காக ஒருவர் இவ்வளவு பாடுபடுவதை இந்த வீட்டில்தான் பார்த்தேன்.

``எட்டாவதை நீ ஒட்டு'' என்று இடுக்கியை என்னிடம் கொடுத்தார்.

வேண்டாம் என்றேன். அவர் எழுந்து நாற்காலியைக் காலி செய்துவிட்டார். ஐந்து தண்ணீரில் மிதந்தது. எடுத்து வைத்தேன். ஒட்டியது. ஆனால் லேசாக வலப் பக்கம் சாய்ந்துவிட்டது. வில்லிவாக்கத்தில் செல்ஃபி எடுத்தவரின் தலை சாய்ந்திருந்த அதே பக்கம்.

அவர் பூதக்கண்ணாடியில் நெடுநேரம் பார்த்தார். ``பெயின்டர் எழுதினாலும் ஒண்ணு ரெண்டு சாயும்தான்'' என்றார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். ``ஆனா உன் போட்டோவுல மத்ததெல்லாம் நேரா இருக்கு'' என்று பிரஷ்ஷைத் தண்ணீரில் தோய்த்து, அந்த ஐந்தை நனைத்து, நகர்த்த ஆரம்பித்தார்.

சென்னை வண்டிக்கு நேரமாகிவிட்டது. அவர் மனைவி ஒரு பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கையில் கொடுத்தார். ``வழியில குடிச்சுக்கோ'' என்றார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். அவர் இன்னும் குனிந்தபடியேதான் இருந்தார்.